மூன்று கிழமைக்கென்று வந்த மாமி: முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் இருக்கிறோம். கணவரின் அம்மாவை, அதாவது என் மாமியை, இந்த வீட்டில் வைத்து ஏழு வருடம் பார்த்தேன். அவர் போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் கோயிலில், மருந்துக் கடையில், லிஃப்டுக்குள் என்று எங்கே கண்டாலும் யாராவது அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். சிலர் இப்போதுதான் அம்மாவை ஊரிலிருந்து கூட்டி வந்தவர்கள். சிலர் டொரொன்டோவிலிருந்து வட்ஸ்அப்பில் அழைத்து ஒரு மணித்தியாலம் பேசுபவர்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என் தொண்டைக்கு நல்லது என்று தோன்றியது. நான் டொக்டரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. பார்த்தவள், அவ்வளவுதான்.

கடமை என்று பார்க்கிறார்களா, பாசத்தில் பார்க்கிறார்களா?

கேட்டால் எல்லோரும் ‘எங்கட கடமைதானே’ என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் உண்மையில் நடந்தது வேறு. மாமி கண்ணில் புரை எடுக்க மூன்று கிழமைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். கையில் ஒரேயொரு பயணப் பை. கண் சரியாகிவிட்டது. அதற்குள் பிரஷர் மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்புறம் மாரி மழை. அப்புறம் பேரனின் சோதனை முடியட்டும் என்றார். ஒரு நாள் பார்த்தால் அவருடைய கிளினிக் கொப்பி எங்கள் சாப்பாட்டு மேசையில், என் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பது எனக்கு மட்டும்தான் தெரிகிறது. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் ஓம் என்று சொல்லவில்லை. பொறுப்பு மட்டும் கைமாறியிருந்தது.

பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது என்பது நான் கண்டது. முடிவெடுத்துப் பார்க்கத் தொடங்கியவர்கள் குறைவு. பார்க்கத் தொடங்கி ஆறு மாதமான பிறகுதான் அதற்குக் கடமை என்று பெயர் வைக்கிறோம். அது பொய்ப் பெயர் என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் பிந்தி வருகிறது என்றுதான் சொல்கிறேன்.

கடன் என்ற ஒன்றும் இருக்கிறது. நான் வேலைக்குப் போன காலத்தில் என் மகனை மூன்று வயது வரை தூக்கி வளர்த்தது மாமிதான். என் கணவருக்கு இன்னொரு கணக்கு. 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, மாமி தன்னுடைய மாமியாரை சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். சுற்றி அத்தனை சனம், மழை, அசைய முடியாத நெரிசல். பக்கத்தில் பானை சட்டியைச் சுமந்துகொண்டு நடந்தவர் என் கணவர். அதைக் கண்ணால் கண்ட ஆளிடம் ‘உங்கள் அம்மாவை வேறு எங்காவது விடலாமா’ என்று எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. கேட்க நினைத்த நாட்கள் இருந்தன.

நாலு பிள்ளைகள் இருந்தும் ஒருவர் தலையில் மட்டும் விழுவது ஏன்?

தகுதி பார்த்து விழுவதில்லை. தூரம் பார்த்து விழுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர்தான். எங்கள் ஆட்களில் கொழும்பில் வீடுள்ள பிள்ளைக்கு இதிலிருந்து தப்ப வழியே இல்லை. தேசிய வைத்தியசாலை இங்கே, களுபோவில ஆஸ்பத்திரி இங்கே, விசேட வைத்திய நிபுணர்களில் பெரும் பங்கு இங்கே, விசாவுக்குப் போக வேண்டிய தூதரகங்களும் இங்கே. ‘ஒருக்கா காட்டிப்போட்டு வரட்டும்’ என்று அனுப்பப்படும் அம்மா, அப்பா எல்லோரும் வந்திறங்குவது கொழும்புப் பிள்ளையின் வீட்டில்.

அடுத்த காரணத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை: மொழி. சிங்களம் தெரியாத எழுபத்தைந்து வயது மனுஷி வார்டில் தனியாகக் கிடந்தால், எங்கே வலிக்கிறது என்று சொல்லவே ஒருவர் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் பிறகு முழுநேரப் பராமரிப்பாளராக மாறுகிறார். எனக்கு அலுவலகச் சிங்களம் நன்றாக வரும். அந்தச் சிங்களம்தான் என்னை மாட்டிவிட்டது என்று அக்காவிடம் பகிடியாகச் சொல்வேன்.

இவை இரண்டும் பொருந்தாவிட்டால், கல்யாணம் கட்டாத மகள். அவருக்குப் ‘பொறுப்பு ஒன்றும் இல்லை’ என்று குடும்பமே தீர்மானித்து வைத்திருக்கும்.

மற்ற மூன்று பேருக்கும் தானாகவே ஒவ்வொரு பதவி கிடைத்துவிடும். ஒருவர் காசு அனுப்புவார். ஒருவர் அறிவுரை அனுப்புவார். மூன்றாமவர் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து, போகிற வழியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, ‘அம்மா நல்லா மெலிஞ்சு போனா’ என்பார். அந்த ஒரு வசனம் ஒரு வருட உழைப்பைத் துடைத்துவிடும். இதை வாசிக்கிற மூன்றாமவர் யாராவது இருந்தால், அந்த வசனத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மகனுடைய பொறுப்பா, மகளுடைய பொறுப்பா? எங்கள் வழக்கம் எது?

எங்கள் வழக்கம் என்று ஒன்றே ஒன்று இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது அதுதான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே வருவார், அல்லது அயலில் குடியிருப்பார்கள். அதனால் தாய் தகப்பன் கடைசியில் ஒரு மகளோடு, அநேகமாக இளைய மகளோடு, இருந்துவிடுவார்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் பதித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே சீதனத்துக்கு என்ன இடம் என்று பார்த்தால் இதன் பழமை தெரியும். மட்டக்களப்புப் பக்கத்திலும் வீடு பெண் பிள்ளைக்குத்தான். இந்த ஊர்களில் ‘மகள் வீட்டில் இருக்கிறேன்’ என்று சொல்ல ஒரு தாய்க்குக் கூச்சமே இல்லை. அது ஒரு காலத்தில் அவருடைய வீடுதானே.

கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் இருக்கிற இந்திய வம்சாவளிக் குடும்பங்களில், மலையகத்திலிருந்து வந்தவர்களிடத்தில், கதை வேறு. அங்கே மகன் வீடுதான் பெற்றோரின் வீடு. மகள் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக் கிடப்பதைக் குறையாக நினைக்கிற முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தி கொட்டாஞ்சேனை. அவளுடைய அப்பா அவள் வீட்டில் ஒன்பது மாதம் இருந்தார். ஒன்பது மாதமும் ‘நாளைக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருவேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டியைத் திறந்து உடுப்பை அலுமாரியில் வைக்கக்கூட விடவில்லை.

இந்த இரண்டு வழக்கமும் கல்யாணத்தில் சந்தித்தால் நல்ல வேடிக்கை. என் வீட்டிலேயே பாருங்கள். யாழ்ப்பாண வழக்கப்படி மாமி இருந்திருக்க வேண்டியது மகள் வீட்டில். மகள் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். சீதன வீட்டில் வாடகைக்கு ஆள். ஆக, எந்த வழக்கத்திலும் எழுதியிராத மருமகள் பார்த்தாள். இப்போது வெள்ளவத்தையில் ‘ஃபிளாட்’ சீதனமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு ஹோல். அதில் தாய் தகப்பனுக்கு என்று மூன்றாவது அறையைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டாரை நான் இதுவரை காணவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பினால் போதாதா?

காசு இல்லாமல் முடியாது, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கான பம்பஸ் என்ன விலை என்று வாங்குகிறவர்களைக் கேளுங்கள். ஆனால் காசு அனுப்புகிறவர் தன் பங்கு முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் சண்டை பிறக்கிறது. இராத்திரி இரண்டு மணிக்கு எழும்புவதைக் காசு செய்யாது.

பெற்றோரை அங்கேயே கூப்பிடலாமே என்றும் கேட்பார்கள். கனடா 2011 டிசம்பரில் சூப்பர் விசாவைத் தொடங்கிய பிறகு எங்கள் கட்டடத்திலிருந்தே பல அம்மாமார் போனார்கள். சிலர் நன்றாக இருக்கிறார்கள். சிலர் ஒரு பனிக்காலத்தோடு திரும்பி வந்துவிட்டார்கள். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனதும் பூட்டிய வீட்டுக்குள் ஒரு சன்னலும் ஒரு டிவியும்தான் மிச்சம் என்றார் ஒருவர். இங்கே நாலாம் மாடி என்றாலும் கீழே போனால் மரக்கறிக்காரரோடு விலைபேசிச் சண்டை பிடிக்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவர் செய்யக்கூடியவை உண்டு. கணவரின் தங்கை தினமும் எங்கள் நேரம் மாலை ஆறரைக்கு வீடியோவில் வருவாள். நாற்பது நிமிடம் மாமியோடு கதைப்பாள், தேவாரம் சொல்லுவிப்பாள். அந்த நாற்பது நிமிடத்தில் நான் குளித்து, சோறு வைத்து, ஒரு தேத்தண்ணி குடிப்பேன். அவள் அனுப்பிய காசை விட அந்த நேரம் எனக்குப் பெரிது. லண்டன் அத்தான் செய்ததும் நல்ல காரியம்தான்: வருடம் ஒரு முறை வந்து இரண்டு கிழமை, ஹோட்டலில் தங்காமல், மாமியின் அறையில் பாய் விரித்துப் படுத்தார். இரவு முழுதும் அவர் பொறுப்பு. மூன்றாம் நாள் கண் சிவந்துபோய் வந்து, ‘நீர் இதை எப்பிடிச் செய்யிறீர்?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து அறிவுரை வரவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், வீட்டை எழுதி வாங்கத்தானே பார்க்கிறார்கள்?

சிலர் அப்படித்தான். மறுக்க மாட்டேன். கொழும்பில் ஒரு பேர்ச் காணியின் விலை தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பார்ப்பவருக்கு வீடு கிடைப்பதில் என்ன குற்றம் என்றும் எனக்குத் தோன்றும். குற்றம், எழுதிய பிறகு பார்க்காமல் விடுவதில்தான்.

பெற்றோர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வேன். நன்கொடை உறுதி எழுதும்போது சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கென்று வைத்துக்கொண்டு எழுதலாம். நொத்தாரிசிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள். அதை ஞாபகப்படுத்த மகனுக்கு அவசியம் இல்லை. ‘மீளப்பெற முடியாத’ நன்கொடை என்று எழுதிவிட்டாலும், வாங்கியவர் கொடுமையான நன்றிகேடு காட்டினால் மாவட்ட நீதிமன்றம் போய் அதை இரத்துச் செய்விக்க 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எண்பது வயதில் வழக்குப் பேசுவது வாழ்க்கையா? சீவிய உரித்து எவ்வளவோ மேல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏழு வருடம் பார்த்த பிள்ளையையும் ஒரு நாளும் பாராத பிள்ளையையும் பங்கு பிரிக்கும்போது ஒரே தட்டில் வைக்கிறார்கள். பார்த்தவர் வாய் திறந்தால் ‘காசுக்காகத்தான் பார்த்தாய்’ என்ற பேச்சு வரும். இதற்குப் பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பெற்றோரைப் பார்க்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று புறக்கணிக்கக் கூடாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அதில் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தம் ஒரு தொகை பெற்றுத் தரும்படி அந்தச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். 60 வயதானவர்களுக்கான முதியோர் அடையாள அட்டையை உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வெள்ளவத்தைக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய.

சட்டத்துக்குப் பயந்து அம்மாவைப் பார்க்கிற யாரையும் எனக்குத் தெரியாது. சபைக்குப் போய்த் தன் பிள்ளைமேல் முறைப்பாடு கொடுக்கிற தாயையும் எங்கள் சனத்துக்குள் நான் காணவில்லை. ‘அவன் பாவம், அவனுக்கும் குடும்பம் இருக்கு’ என்றுதான் சொல்வார்கள், பசியோடு இருந்தாலும்.

அரசாங்கம் ஒன்றும் தராதா? ஓய்வூதியம், ஈபிஎஃப் எல்லாம் இருக்கிறதே?

குடும்பங்கள் ஏன் பார்க்கின்றன என்ற கேள்விக்கு என் மனதில் உள்ள மிகப் பெரிய பதில் இதற்குள்தான் இருக்கிறது. எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரசாங்க வேலை செய்தவருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரும். அவர் இறந்தால் மனைவிக்கும் ஒரு பங்கு வரும். அந்த வீடுகளில் கதை சற்று மரியாதையாக நடக்கிறது. தன் கையில் மாதக் காசு உள்ள அப்பாவின் குரலே வேறு, கவனித்திருப்பீர்கள். தனியார் வேலை செய்தவருக்கு 1958இல் கொண்டுவந்த ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப். சம்பளத்தில் 8 வீதம் நாங்கள், 12 வீதம் முதலாளி. ஈடிஎஃப்புக்கு, அதாவது ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, முதலாளி இன்னும் 3 வீதம். ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். ஆனால் அது மாதாமாதம் வரும் காசு இல்லை, மொத்தமாக ஒரே தடவையில் வருவது. மொத்தமாக வந்த காசு எங்கள் வீடுகளில் எங்கே போகும்? மகளின் கல்யாணத்துக்கு. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு. ஊர் வீட்டுக் கூரைக்கு. அறுபது வயதில் கை வெறுமை, அதற்குப் பிறகு இருபது இருபத்தைந்து வருடம் வாழ்க்கை இருக்கிறது. புறக்கோட்டைக் கடைகளிலும் நகைப் பட்டறைகளிலும் காலம் முழுக்க வேலை செய்தவர்களில் பலருக்கு அந்த ஈபிஎஃப் கூட இல்லை.

மிச்சக் காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு வட்டியில் வாழ்ந்தவர்களும் உண்டு. 2015இல் தொடங்கிய திட்டத்தில் 60 தாண்டியவர்களுக்குப் பத்து இலட்சம் வரை 15 வீத வட்டி கிடைத்தது. எங்கள் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை வைத்தே மருந்தும் பாலும் வாங்கினார். 2022இல் அதை நிறுத்தினார்கள். அதே வருடத்தில் சாமான் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அவர் கடைசியில் மகன் வீட்டுக்குப் போனார். அந்த மகனைக் கேட்டால் பாசம் என்பார், ஆசிரியையைக் கேட்டால் வட்டி என்பார்.

வசதியில்லாத, 70 தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கொடுப்பனவு உண்டு. நீண்ட காலம் அது மாதம் 2000 ரூபாவாக இருந்தது. 2023இலிருந்து அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் வந்தது. ஆஸ்பத்திரியும் இலவசம்தான், அதற்கு ஆயிரம் தடவை நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி சுகமாக்கித்தான் அனுப்பும், வைத்துப் பார்க்காது. பாரிசவாதம் வந்தவரைப் பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினால், பதினோராம் நாளிலிருந்து யார்? அந்த இடத்தில் அரசாங்கமும் இல்லை, தனியாரும் பெரும்பாலோருக்கு எட்டாது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 தாண்டியவர்கள் 12 வீதத்துக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு தொகை கூடியே வருகிறது. பிள்ளைகளின் தொகை குறைகிறது, இருக்கிற பிள்ளைகளும் விமானம் ஏறுகிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமி படுக்கையில் விழுந்தபோது எனக்கு 49 வயது. கணக்குப் பிரிவில் இருந்த வேலையை விட்டேன். 50 ஆனதும் ஈபிஎஃப்பை எடுத்தேன். அதில் ஒரு பகுதிக்கு ஆஸ்பத்திரிக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி. மாமியின் முதுமைக்கு என் முதுமையின் காசு. என்னைப் பார்ப்பவர் யாருடைய காசை எடுப்பாரோ தெரியாது.

ஆள் வைத்துப் பார்க்க முடியாதா?

முடியும், கிடைத்தால். முன்பு கொழும்பு வீடுகளில் வேலைக்கு மலையகத்திலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்த அநியாயம் குறைந்தது நல்லது. இப்போது பெரியவர்கள் வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். ஏஜென்சி மூலம் வருபவர்கள் பன்னிரண்டு மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்குவார்கள். அநேகமாகச் சிங்களப் பெண்கள். எங்களுக்கு வந்தவர் குருநாகல் பக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமிக்குச் சிங்களம் தெரியாது. ஒரு மாதத்தில் மாமி ‘வத்துர’ என்று தண்ணீர் கேட்கவும், பிடிக்காத கஞ்சியை ‘எப்பா’ என்று தள்ளவும் பழகிவிட்டார். அந்தப் பெண் ‘ஆச்சி’ என்று கூப்பிட, மாமி அவளை ‘பிள்ளை’ என்றார். என்னை அவர் அப்படி அடிக்கடி கூப்பிட்டதில்லை. கொஞ்சம் எரிச்சல்தான்.

எந்த ஆளை வைத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கிறாரா? முதுகும் குதிக்காலும் சிவந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். சமையல் ருசியை அப்புறம் பார்க்கலாம்.

முதியோர் இல்லத்தில் விட்டால் பாவமா?

பாவம் இல்லை. பயம்தான் இருக்கிறது, ஊர் வாயைப் பற்றிய பயம். மருதானை டார்லி வீதியில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் எனப்படும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் வசதியில்லாத முதியவர்களை வைத்துப் பார்க்கும் இல்லத்துக்கு ஒரு முறை போனால், பல பேருடைய எண்ணம் மாறும். என் எண்ணம் மாறியது. காசு கட்டும் தனியார் இல்லங்களும் நகரைச் சுற்றி இருக்கின்றன. போய்ப் பார்க்கும்போது வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், குளியலறையை மணந்து பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு, சொல்லாமல் போங்கள்.

தமிழ் ஆட்களுக்கு அங்கே இடிப்பது சாப்பாடும் பேச்சும். மரக்கறிச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை விளக்கு, தமிழில் ஒரு வார்த்தை. இவை இல்லாத இடத்தில் மாமியை விட எனக்கு மனம் வரவில்லை. வந்திருந்தால் விட்டிருப்பேனா? தெரியாது.

அம்மா ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஊரில் முற்றம், கிணறு, வேலிக்கு மேலால் கதைக்க அயல். இங்கே லிஃப்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அப்போது ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. நாலாம் மாடியில் மாமியும் ஆறாம் மாடியில் இன்னொரு தாத்தாவும் நாள் முழுக்கச் சிறை. கிளினிக் நாளில் அவரைக் கதிரையில் இருத்தி நாலு பேர் படிக்கட்டால் இறக்கினோம். ‘ஊரில இருந்திருந்தா நடந்தே போயிருப்பன்’ என்றார். ஊரில் இருந்திருந்தால் அந்த டொக்டர் இருந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது.

நடக்கிற நிலையில் இருக்கும்வரை ஊரிலேயே விடுங்கள், பக்கத்தில் ஒருவரை ஒழுங்கு செய்து. விழுந்த பிறகு கூட்டி வருவதைவிட விழுமுன் கூட்டி வருவது நல்லதுதான். ஆனால் எப்போது விழுவார் என்று யார் கண்டது?

மறதி வந்துவிட்டது. வீட்டிலேயே ‘வீட்டை போவம்’ என்கிறார்.

மாமியும் சொன்னார். தினமும் பின்னேரம் நாலு மணிக்குச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ‘மாடு கட்ட வேணும், வீட்டை போவம்’ என்று கதவடியில் நிற்பார். மாடு விற்று முப்பது வருடம். முதலில் நான் விளக்கம் சொன்னேன், இதுதான் வீடு, மாடு இல்லை என்று. அவருக்குக் கோபம், எனக்குக் கண்ணீர். பிறகு ‘சரி மாமி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்’ என்று சொல்லப் பழகினேன். தேத்தண்ணி முடியும்போது மாடும் மறந்துவிடும். பொய் சொல்கிறோமே என்று என் கணவர் முதலில் முகம் சுளித்தார். ஒரு ஞாயிறு அவரைக் கதவடியில் நிற்க விட்டேன். பிறகு அவரும் தேத்தண்ணி போடப் பழகினார்.

முதுமை என்றால் மறதி வரத்தான் செய்யும் என்று விடாதீர்கள், பரிசோதிக்க வேண்டும். கொழும்பு 10இல் உள்ள லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷனில் நினைவாற்றல் பரிசோதனை செய்கிறார்கள், பகல் நேரச் செயற்பாட்டு நிலையமும் இருக்கிறது, குடும்பத்தவருக்கும் வழிகாட்டுகிறார்கள். கதவுக்கு மேல் தாழ்ப்பாள் ஒன்றும் போடுங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்கள் யாருக்காகவும் நிற்பதில்லை.

சில நேரம் எரிந்து விழுகிறேன். நான் கெட்டவளா?

நித்திரை இல்லாதவள். நானும் ஒரு நாள் இராத்திரி இரண்டரைக்கு, மூன்றாம் தடவை பாய் மாற்றும்போது, கத்திவிட்டேன். மாமி சின்னப் பிள்ளை போல் கையால் முகத்தை மறைத்தார். அந்தக் காட்சி இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு வெள்ளி, சனி இரவுகள் கணவருடையவை என்று எழுதிக் குளிரூட்டிக் கதவில் ஒட்டினேன். அதை ஒட்டிய பிறகு நான் கத்தியது குறைவு. ஆனால் அதை ஒட்டுவதற்கு எனக்கு நாலு வருடம் பிடித்தது.

பிள்ளை இல்லாதவர்களை யார் பார்ப்பது?

பெறாமக்கள்தான். அக்கா தங்கையின், அண்ணன் தம்பியின் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் அப்படியொரு சொல் இருக்கிறது. பெறாத மகள், பெறாத மகன். பிள்ளைகளும் இல்லை, பார்க்க யாரும் இல்லை என்ற முதியவர்களுக்குத் தங்க இடம் கொடுப்பது அரசின் பொறுப்பு என்று அதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெறாமக்கள் உள்ள ஊரில் ‘யாரும் இல்லை’ என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

என் கணவருக்கு ஒரு சின்னம்மா இருக்கிறார். கொட்டாஞ்சேனையில் தனியாக, 78 வயது, பிள்ளைகள் இல்லை. போன கிழமை கண் காட்ட வேண்டுமென்று வந்து மூன்று நாள் தங்கினார். நேற்று மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன், அவருடைய கிளினிக் கொப்பி என் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.